சேர்வைகளின் பெயரும் சூத்திரமும்: தமிழ் இரசாயனப் பெயரீடு பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1. பிரச்சினை

விஞ்ஞானத்தைத் தமிழிற் கூற முடியுமா என்னும் வினா ஒரு காலத்தில் மிகுந்த ஆரவாரத்துடன் விவாதிக்கப்பட்டது. அவ்வினாவுக்கு வரலாறே விடை கூறிவிட்டது. இலங்கையில் மூன்று தலைமுறை மாணவர்கள் இரசாயனவியலைத் தமிழிற் கற்று, தமிழிற் பரீட்சை எழுதி, வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் உருவாகியுள்ளனர். எனவே இன்று கேட்கப்பட வேண்டிய வினா வேறு. தமிழிற் கூறப்பட்ட விஞ்ஞானம் மாணவரின் சிந்தனைக்குக் கருவியாக அமைந்துள்ளதா, அன்றி மனப்பாடத்துக்குரிய ஒலித்தொகுதியாக மட்டும் நின்றுவிட்டதா என்பதே அது.

இவ்வினாவைப் பொதுவான முறையில் எழுப்பிப் பொதுவான முறையில் விடை கூறுவதாற் பயனில்லை. எனவே நாம் மிகக் குறுகிய ஒரு களத்தை ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். அயன் சேர்வைகளுக்கும் பங்கீட்டுவலுச் சேர்வைகளுக்கும் தமிழிற் பெயரிடும் முறையும், அப்பெயர்களிலிருந்து சூத்திரம் எழுதும் முறையுமே அக்களமாகும். கலைச்சொல் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் தனிச்சொற்களைப் பற்றியனவாகவே அமைந்துள்ளன. ‘அணு’ என்பது பொருத்தமா, ‘மூலகம்’ நல்லதா ‘தனிமம்’ நல்லதா என்றவாறு அவை செல்லும். ஆயின் ஒரு சேர்வையின் பெயர் வெறுஞ் சொல்லன்று. எது எதனோடு எவ்விகிதத்திற் சேர்ந்தது என்று கூறும் ஒரு வாக்கியம் அதனுள் அடங்கியுள்ளது. வாக்கியமாயின் அதற்கு இலக்கணம் உண்டு. அவ்விலக்கணத்தைத் தமிழ் எவ்வாறு ஏற்றது, எங்கே தன்னியல்போடு ஏற்றது, எங்கே ஒலியை மட்டும் வாங்கிப் பொருளைத் தவறவிட்டது என்பதே எமது ஆய்வுப் பொருள்.

2. பழம்பெயரும் புதுப்பெயரீடும்

மயில்துத்தம், அன்னபேதி, வெடியுப்பு, நவச்சாரம், படிகாரம் முதலிய பெயர்கள் எமது வைத்தியர்களும் பொற்கொல்லரும் சாயத்தொழிலாளரும் வழிவழியாக வழங்கியவை. மயிலின் கழுத்து நிறம் கொண்டதால் மயில்துத்தம். வெடிமருந்துக்குப் பயன்பட்டதால் வெடியுப்பு. நிறத்தையும் பயனையும் இப்பெயர்கள் துல்லியமாகக் கூறின. ஆயின் மயில்துத்தத்துக்கும் அன்னபேதிக்கும் பொதுவான கூறொன்று உண்டு என்பதை அப்பெயர்கள் கூறா. இரண்டும் சல்பேற்றுகள், ஒன்றிற் செம்பும் மற்றதில் இரும்பும் உள்ளன. இவ்வுறவு தொழிலாளியின் கைப்பழக்கத்தில் உணரப்பட்டிருக்கலாம். மொழியில் அது பதியப்படவில்லை.

இக்குறை தமிழுக்கு மாத்திரம் உரியதன்று. ஐரோப்பாவிலும் நிறத்தாலும் கண்டறிந்தோர் பெயராலும் கோள்களின் பெயராலும் பொருள்கள் வழங்கிவந்தன. 1787 இல் பிரான்சில் கைற்றன் த மோவோ, லவோசியே, பேத்தொலே, பூர்குறுவா ஆகிய நால்வரும் இரசாயனப் பெயரீட்டு முறையொன்றை வெளியிட்டனர். பெயர் பொருளின் அமைப்பைக் கூறவேண்டும் என்பதே அதன் அடிப்படை. ஒரே அமிலக்கூற்றின் உப்புகளில் ஒட்சிசன் மிகுந்ததற்கு ஒரு விகுதி, குறைந்ததற்கு வேறொரு விகுதி என்னும் ஒழுங்கு அங்கிருந்தே வருகிறது. புரட்சிக்கு இரண்டாண்டுகளுக்கு முன் வெளிவந்த அம்முறை ஒரு வகையிற் சனநாயகத் தன்மை வாய்ந்தது எனலாம். குருவிடம் இரகசியமாகப் பெறவேண்டியிருந்த பெயர்களின் இடத்தில், விதியைக் கற்ற எவரும் தாமே ஆக்கக்கூடிய பெயர்கள் வந்தன. பின்னர் 1813, 1814 ஆம் ஆண்டுகளில் பேசீலியசு மூலகங்களுக்கு எழுத்துக் குறியீடுகளை வகுத்தார். பெயருக்கு இணையாகச் சூத்திரமும் நிலைபெற்றது.

பெயரீட்டின் இச்சனநாயகப் பண்பு மனங்கொள்ளத்தக்கது. விதி விளங்காது பெயர் மட்டும் கற்பிக்கப்படின், 1787 க்கு முந்திய நிலைக்கே நாம் மாணவரைத் திருப்பி அனுப்புகிறோம். அப்போது ‘கல்சியங் காபனேற்று’ என்பதும் ‘நவச்சாரம்’ என்பதும் அவருக்கு ஒன்றே. முன்னது உச்சரிக்கச் சற்றுக் கடினமானது என்பதே வேறுபாடு.

3. தமிழில் நிகழ்ந்த முயற்சிகள்

1847 இல் இலங்கைக்கு வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிற் போதிக்கத் துணிந்தவர். அவர் முயற்சியின் ஒரு பகுதியாக 1875 இல் ‘கெமிஸ்தம்’ வெளிவந்தது. அந்நூற்றலைப்பே ஒரு கொள்கையை உணர்த்துகிறது. அன்னியச் சொல்லின் அடியை எடுத்து, அதற்குத் தமிழ்ப் பெயர்ச்சொல்லின் ஈற்றை அளித்து, வேற்றுமை உருபேற்கத்தக்க சொல்லாக்கியுள்ளார். முழு மொழிபெயர்ப்புமன்று, முழு ஒலிபெயர்ப்புமன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட வழி அது.

தமிழகத்தில் 1916 இல் ராஜாஜி முதலியோர் சேலத்தில் அறிவியற் சொற்களுக்கெனச் சங்கமொன்றை நிறுவினர். ‘திண்ணை ரசாயனம்’ எழுதி, பொதுமக்களுக்கும் இரசாயனத்தை எளிய தமிழிற் கூறலாம் எனக் காட்டியவரும் ராஜாஜியே. இலங்கையிலோ இப்பணி அரச கல்விக்கொள்கையுடன் இணைந்தது. 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்ததும், தாய்மொழிக் கல்வி படிப்படியாக மேல்வகுப்புகளுக்கு விரிந்ததும், கலைச்சொல்லைச் சில அறிஞரின் ஆர்வத்திலிருந்து சமூகத்தின் உடனடித் தேவையாக மாற்றின. அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகள் இத்தேவையிலிருந்தே பிறந்தன. ஆங்கிலம் அறியாத விவசாயியின் பிள்ளையும் தொழிலாளியின் பிள்ளையும் விஞ்ஞான வகுப்பினுள் நுழைந்தமைக்கு அச்சொற்றொகுதிகளே வாயிலாயின. எமது விமர்சனம் இந்த அடிப்படைச் சாதனையை மறுப்பதன்று. அதை ஏற்று, அதன் உள்ளே நின்று எழுவதே எமது விமர்சனம்.

4. அயன் சேர்வை: கூறப்படாத எண்

சோடியம் குளோரைட்டு, கல்சியம் குளோரைட்டு, அலுமினியம் குளோரைட்டு ஆகிய மூன்று பெயர்களை நோக்குவோம். முதலாவதில் ஒரு சோடியத்துக்கு ஒரு குளோரீன். இரண்டாவதில் ஒரு கல்சியத்துக்கு இரண்டு. மூன்றாவதில் ஒரு அலுமினியத்துக்கு மூன்று. ஆயின் மூன்று பெயர்களிலும் எண் எதுவுமில்லை. ஏன்?

இவ்வினாவுக்கான விடையிலேயே அயன் சேர்வையின் முழுத் தத்துவமும் அடங்கியுள்ளது. சோடிய அயன் ஒரு நேரேற்றமும், கல்சிய அயன் இரண்டும், அலுமினிய அயன் மூன்றும் உடையன. குளோரைட்டு அயன் ஒரு மறையேற்றம் உடையது. சேர்வை மொத்தத்தில் நடுநிலையானது. ஆகவே எண்ணைக் கூறத் தேவையில்லை. ஏற்றங்களைச் சமப்படுத்தும்போது எண் தானே வெளிப்படும். மேலும், உப்புப் பளிங்கில் ஒரு சோடியமும் ஒரு குளோரீனும் கைகோத்து நிற்கும் தனி மூலக்கூறு இல்லை. ஒவ்வொரு சோடிய அயனையும் ஆறு குளோரைட்டு அயன்கள் சூழ்ந்திருக்க, ஒவ்வொரு குளோரைட்டையும் ஆறு சோடிய அயன்கள் சூழ்ந்திருக்கின்றன. சூத்திரம் அச்சாலகத்தின் மிகச் சுருங்கிய விகிதத்தை மட்டுமே கூறுகிறது.

எமது வகுப்பறைகளில் இது எவ்வாறு கற்பிக்கப்படுகிறது? இரு குறியீடுகளையும் அருகருகே எழுதி, வலுவளவுகளை மேலே இட்டு, அவற்றை இடம் மாற்றிக் கீழே எழுதும் உபாயமே பெரும்பாலும் கைக்கொள்ளப்படுகிறது. அலுமினியம் மூன்று, ஒட்சிசன் இரண்டு. மாற்றினால் அலுமினியம் இரண்டு, ஒட்சிசன் மூன்று. விடை சரியே. இரண்டு அலுமினியத்தின் ஆறு நேரேற்றமும் மூன்று ஒட்சைட்டின் ஆறு மறையேற்றமும் சமமாவதாலேயே அது சரியாகிறது. ஆயின் உபாயம் அக்காரணத்தை மறைக்கிறது. கல்சியம் ஒட்சைட்டில் அதே உபாயம் இரண்டு, இரண்டு என விடை தர, ‘சுருக்குக’ என்னும் இன்னொரு கட்டளை வருகிறது. சுருக்கக் கற்ற மாணவர் ஐதரசன் பேரொட்சைட்டைக் காணும்போது என் செய்வார்? இரண்டு ஐதரசன், இரண்டு ஒட்சிசன் கொண்ட அம்மூலக்கூற்றையும் சுருக்க முற்படுவார். சாலகத்தின் விகிதத்துக்குரிய விதியை மூலக்கூற்றின் உண்மை எண்ணிக்கைக்குப் பிரயோகிக்கும் இத்தவறு கவனயீனத்தால் விளைவதன்று. காரணத்தை நீக்கி உபாயத்தை மட்டும் கொடுத்த போதனையின் நேரடி விளைவு.

5. ட்டு, ற்று: ஒரு மெய்யின் சுமை

அயன் சேர்வைப் பெயர்களில் தமிழ் தானாகப் பெயர்க்காது ஒலியளவில் ஏற்றவை விகுதிகளே. இலங்கை வழக்கில் இவை மூன்று: ‘ஐட்டு’, ‘ஐற்று’, ‘ஏற்று’. கந்தகம் உலோகத்தோடு மட்டும் சேர்ந்தது சல்பைட்டு. கந்தகத்தோடு மூன்று ஒட்சிசன் சேர்ந்த அயன் சல்பைற்று. நான்கு சேர்ந்தது சல்பேற்று. இதேபோல் நைத்திரைட்டு, நைத்திரைற்று, நைத்திரேற்று. முதல் இரண்டுக்கும் வேறுபாடு டகர, றகர மெய்களில் மட்டுமே உள்ளது. பின்னிரண்டுக்கும் வேறுபாடு ஐகார, ஏகார உயிர்களில் மட்டுமே உள்ளது.

இவ்வேற்பாட்டைச் சிலர் விசித்திரமானதெனக் கருதுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. இலங்கைத் தமிழர் பேச்சில் ‘ற்ற’ என்பது நுனியண்ணத்தில் அல்லாது பல்லின் மேலுள்ள முரசையொட்டி எழும் ஒலி. ஆங்கிலத் தகரத்துக்கு அதுவே மிக அண்மையானது. ஆகவே ஏற்கெனவே எமது நாவில் இருந்த ஒரு வேறுபாட்டைச் சொல்லாக்கியோர் இரசாயன வேறுபாட்டுக்குப் பயன்படுத்தினர். மொழியின் உள்ளிருந்தே எடுக்கப்பட்ட தீர்வு இது.

தமிழக வழக்கோடு ஒப்பிடும்போது இதன் நன்மையும் இடரும் ஒருங்கே புலனாகும். அங்கு ‘சல்பைடு’, ‘சல்பைட்டு’ என எழுதும் வழக்கு உண்டு. அங்கே ‘சல்பைட்டு’ எனப்படுவது இங்கே ‘சல்பைற்று’. இங்கே ‘சல்பைட்டு’ எனப்படுவது அங்கே ‘சல்பைடு’. ஒரே எழுத்துக் கோவை, பாக்குநீரிணையின் இரு கரைகளிலும் இரு வேறு பொருள்களைக் குறிக்கிறது. இன்று இரு நாட்டு நூல்களும் ஒரே மேசையில் மாணவர் கைக்கு எட்டுகின்றன. இந்நிலையில் இது வெறும் எழுத்துமரபு வேறுபாடு என்று தள்ளிவிடத்தக்கதன்று.

எவ்வழக்கு சிறந்தது? ஒலியளவில் தமிழக ‘டு’ மூலச்சொல்லுக்கு நெருக்கமானது. எமது இரட்டித்த ‘ட்டு’ வல்லொலியாகவே ஒலிக்கும். பல்கலைக்கழகத்தில் ஆங்கில மொழி விரிவுரைக்குச் செல்லும் மாணவரின் செவியில் அது ‘ஐற்று’ விகுதியோடு மயங்குதல் இயல்பு. ஆயின் இலக்கண அளவில் நிலைமை மாறுகிறது. நெடிற்றொடர், உயிர்த்தொடர்க் குற்றியலுகரங்களாக டு, று என முடியும் பெயர்கள் வேற்றுமையில் ஒற்றிரட்டும் என்பது நன்னூலார் வகுத்த விதி. நாடு, வயிறு என்பன நாட்டின், வயிற்றின் என்றாதல் அனைவரும் அறிந்ததே. அவ்விதிப்படி ‘சல்பைடு’ உருபேற்பின் ‘சல்பைட்டின்’ என்றாகும். ‘சல்பைட்டு’ உருபேற்பினும் ‘சல்பைட்டின்’ என்றே ஆகும். இரு வேறு அயன்கள் ஒரு சொல்லில் ஒடுங்கிவிடும். இலக்கணத்தை ஒதுக்கி ‘சல்பைடின்’ என எழுதியே அங்கு இவ்விடர் தவிர்க்கப்படுகிறது. இலங்கை வழக்கிலோ ‘சல்பைட்டின்’, ‘சல்பைற்றின்’ என எவ்வுருபேற்பினும் வேறுபாடு குலைவதில்லை. செவிக்குச் சிறிது இழந்து இலக்கணத்துக்குப் பெரிது பெற்ற ஏற்பாடு எமது முன்னோருடையது.

எனினும் இந்த நுட்பம் மாணவருக்குச் சொல்லப்படுவதில்லை. ட்டு, ற்று, ஐ, ஏ என்பன பொருள் தாங்கும் விகுதிகள் என்பதைக் கூறாது, சொற்களை முழுமையாக மனனஞ்செய்யுமாறு பணிக்கிறோம். ‘ஏற்று’ என்பது நான்கு ஒட்சிசனைக் குறிக்கும் என்று தாமே முடிவு செய்யும் மாணவர் நைத்திரேற்றிலும் காபனேற்றிலும் மூன்றே இருப்பதைக் கண்டு குழம்புவர். அவ்விகுதி எண்ணைக் கூறுவதன்று. ‘ஐற்று’ என்பதனோடு ஒப்பிட ஒட்சிசன் மிகுதி என்னும் உறவை மட்டும் கூறுவது. இதை ஒரு பாடவேளையில் விளக்கிவிடலாம்.

6. பங்கீட்டுவலுச் சேர்வை: தமிழ் எண்ணின் வெற்றி

பங்கீட்டுவலுச் சேர்வைகளில் நிலை வேறு. இலத்திரன்களைப் பங்கிட்டு அமையும் இம்மூலக்கூறுகளில் ஏற்றச் சமநிலை எண்ணை வெளிப்படுத்தாது. காபனும் ஒட்சிசனும் ஒன்றுக்கொன்றாகவும் சேரும், ஒன்றுக்கிரண்டாகவும் சேரும். நைதரசனின் ஒட்சைட்டுகளோ பல. எனவே பெயர் எண்ணைக் கூறியே ஆகவேண்டும். அனைத்துலக மரபு இதற்குக் கிரேக்க எண்ணடைகளைக் கையாளுகிறது.

எமது சொல்லாக்கியோர் மிகத் துணிவான முடிவொன்றை எடுத்தது இவ்விடத்திலேயே. அயன் விகுதிகளை ஒலிபெயர்த்தவர்கள் எண்களை ஒலிபெயர்க்கவில்லை. காபனோரொட்சைட்டு, காபனீரொட்சைட்டு, கந்தகமூவொட்சைட்டு, பொசுபரசு முக்குளோரைட்டு, காபனாற்குளோரைட்டு என்றே அமைத்தனர். உயிர்முன் ஓர், ஈர் எனவும் மெய்முன் ஒரு, இரு எனவும் திரியும் தமிழ் எண்ணடைகளின் பண்பு இவற்றில் அவ்வாறே செயற்படுகிறது. தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலில் எண்ணுப்பெயர்களுக்கு வகுத்த நெறி இரசாயன நூலிலும் தொழிற்படுவதைக் காண்கிறோம். முக்காலி, நாற்காலி, ஐங்கரன், அறுசுவை என்று வழங்கும் பிள்ளைக்கு, முக்குளோரைட்டு, நாற்குளோரைட்டு, ஐங்குளோரைட்டு, அறுபுளோரைட்டு என்பவற்றில் எண்ணைத் தனியே கற்பிக்க வேண்டியதில்லை. ஆங்கிலச் சிறுவருக்குக் கூட இவ்வாய்ப்பு இல்லை; கிரேக்க எண்களை அவர்கள் புதிதாகக் கற்றேயாக வேண்டும். தமிழ் மரபின் மெய்யான வெற்றி இதுவென நாம் கருதுகிறோம்.

வெற்றியினுள்ளும் குறையுண்டு. முதலாவது குறை புணர்ச்சியால் வருவது. ‘காபன்’ என்பதும் ‘நாற்’ என்பதும் புணர நகரம் மறைந்து ‘காபனாற்’ என்றாகிறது. இலக்கணம் அறியாத மாணவர் இதைக் ‘காபன் – ஆற்’ எனப் பிரித்து ஆறு குளோரீன் எனக் கொள்ளவுங்கூடும். இரண்டாவது குறை வரிசை பற்றியது. பெயரில் எண் தான் எண்ணும் மூலகத்துக்கு முன் நிற்கும். சூத்திரத்தில் அது குறியீட்டுக்குப் பின் கீழே நிற்கும். ‘காபனீரொட்சைட்டு’ என்பதிற் காபனை ஒட்டியே ‘ஈர்’ நிற்பதால், இரண்டைக் காபனுக்கு உரியதாக்கி எழுதும் தவறுக்கு இடமுண்டு. மூன்றாவது குறை பொருளை ஆராயாது சொல்லைப் பெயர்த்ததால் வந்தது. பழைய பாடநூல்களில் ‘சோடியமிருகாபனேற்று’ என்னும் பெயர் வழங்கியது. ஆங்கிலப் பழம்பெயரின் முன்னடை, குறித்த அளவு சோடியத்தோடு சேரும் காபனேற்றுக்கூறு சாதாரண காபனேற்றில் உள்ளதைப்போல் இருமடங்கு என்னும் ஒப்பீட்டைக் குறித்தது. தமிழில் ‘இரு’ என்றதும் ஒரு சூத்திரத்தில் இரு காபனேற்றுகள் உள்ளன என்ற பொருளே தோன்றும். உண்மையில் உள்ளது ஒன்றே. அதனோடு ஓர் ஐதரசன் உண்டு. ‘சோடியம் ஐதரசன் காபனேற்று’ என்னும் இன்றைய பெயர் அப்பிழையைத் திருத்துகிறது.

இவற்றுள் முதலிரு குறைகளையும் காரணங்காட்டி, எண்களையும் ஒலிபெயர்ப்பதே நன்று என வாதிடுவோர் உளர். நாம் உடன்படோம். ஓகாரத்துக்கும் ஈகாரத்துக்கும் உள்ள வேறுபாட்டால் ஒன்று அடைத்த அறையில் மின்பிறப்பாக்கியின் புகையோடு வந்து உயிர் பறிக்கும் வாயு. மற்றது சோடாவிற் குமிழியிடும் வாயு. ஓர், ஈர் என்பவற்றின் பொருள் தமிழறிந்த எவருக்கும் தெரியும். கிரேக்க அடையை ஒலிபெயர்த்தால் அப்பொருளும் போய்விடும்.

7. இரும்பும் பெரசும்

உலோகங்களுட் சில ஒன்றுக்கு மேற்பட்ட ஏற்றங்களைக் கொள்வன. இரும்பு இரண்டு அல்லது மூன்று; செம்பு ஒன்று அல்லது இரண்டு. பழைய முறையில் இவை பெரசு, பெரிக்கு எனவும் குப்பிரசு, குப்பிரிக்கு எனவும் வழங்கின. இரும்பு என்னும் பழந்தமிழ்ச் சொல்லை மூலகத்துக்குக் கொண்ட மாணவர், சேர்வையில் இலத்தீனடியிற் பிறந்த இன்னொரு பெயரைச் சந்தித்தனர். கந்தகத்துக்கும் சல்பேற்றுக்கும் இடையிலுள்ள பிளவும் இதுவே.

இவ்விடரிலிருந்து எம்மை விடுவித்தது தமிழறிஞர் எவரதும் முயற்சியன்று. செருமானியரான அல்பிரட் ஸ்டொக் 1919 இல் முன்மொழிந்த முறையில், உலோகத்தின் பெயருக்குப் பின் அதன் ஒட்சியேற்ற எண் அடைப்பினுள் உரோம இலக்கத்தால் எழுதப்படும். ‘இரும்பு மூன்று குளோரைட்டு’ என வாசித்தால் பெரிக்கு மறைந்து இரும்பு மீள்கிறது. சர்வதேச ஒழுங்கொன்று தேசிய மொழியின் சொல்லுக்கு இடமளித்த அரிய உதாரணம் இது. ஆயின் எச்சரிக்கையும் வேண்டும். இங்கு ‘மூன்று’ என்பது ஏற்றத்தைக் குறிப்பது. முக்குளோரைட்டின் ‘மு’ போல அணுக்களை எண்ணுவதன்று. இரும்பு மூன்று ஒட்சைட்டின் சூத்திரத்தில் இரும்பு இரண்டே, ஒட்சிசன்தான் மூன்று.

சூத்திரக் குறியீடுகளையும் தமிழெழுத்தாக்க வேண்டும் எனக் கூறுவோருக்கு எமது விடை சுருக்கமானது. குறியீடு எந்த மொழிக்கும் உரியதன்று. சோடியத்தின் குறியீடு ஆங்கிலச் சிறுவருக்கும் அன்னியமே. அது அவர்கள் மொழிச் சொல்லிலிருந்து வரவில்லை. உலகத் தொழிலாளரும் விஞ்ஞானிகளும் பொதுவாக வாசிக்கும் ஒரே எழுத்துமுறையிலிருந்து எமது பிள்ளைகளைப் பிரிப்பது மொழிப்பற்றாகாது. பெயர் தமிழாக இருக்கட்டும். சூத்திரம் உலகப் பொதுவாக இருக்கட்டும். இரண்டுக்கும் இடையிலான பாதையே கற்பிக்கப்பட வேண்டியது. அப்பாதை தமிழுக்குக் கடினமானதுமன்று. பிரெஞ்சு மொழியில் ‘குளோரைட்டு’ என்பதை முதலிலும் ‘சோடியம்’ என்பதைப் பின்னும் கூறுவர்; சூத்திரம் எழுதும்போது வரிசையை மாற்றவேண்டும். தமிழிலோ அடை முன்னும் தலைச்சொல் பின்னும் நிற்பதால் பெயரும் சூத்திரமும் ஒரே வரிசையிற் செல்கின்றன.

8. முடிவுரை

எமது ஆய்விலிருந்து ஒரு முன்மொழிவு எழுகிறது. பழைய சொற்றொகுதிகள் சோடியங்குளோரைட்டு, மகனீசியஞ்சல்பேற்று எனப் புணர்த்தி எழுதின. இன்றைய பாடநூல்கள் ‘சோடியம் குளோரைட்டு’ எனப் பிரித்தெழுதுகின்றன. காபனீரொட்சைட்டு, கந்தகமூவொட்சைட்டு என்பன பெரும்பாலும் இணைந்தே நிற்கின்றன. இது திட்டமிட்டு நிகழ்ந்ததன்று எனினும், இதை ஒரு நெறியாகவே கொள்ளலாம். இரு அயன்களாய் நிற்பதை இரு சொல்லாலும், ஒரு மூலக்கூறாய் நிற்பதை ஒரு சொல்லாலும் எழுதுக. எழுத்திடையே உள்ள வெளியே பிணைப்பின் தன்மையை மாணவருக்கு நினைவூட்டும். அயன்சேர்வையெனில் எண்ணைத் தேடாது ஏற்றத்தைச் சமப்படுத்துக. மூலக்கூறெனில் சொல்லினுள் எண்ணைத் தேடுக.

இந்நெறி முற்றான விதியாகாது என்பதை நாமே கூறிவிடுகிறோம். அயன் பிணைப்புக்கும் பங்கீட்டுவலுப் பிணைப்புக்கும் இடையே கூரிய எல்லைக்கோடு இல்லை. நீரற்ற அலுமினியம் குளோரைட்டு ஆவிநிலையில் இரட்டை மூலக்கூறாய் நிற்கும். ஐதரசன் குளோரைட்டு வாயு மூலக்கூறாயினும் எண் பெறுவதில்லை. மங்கனீசீரொட்சைட்டு உலோக ஒட்சைட்டாயினும் எண் பெறுகிறது. இவ்வழுக்களுக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பெயரீட்டின் அடிப்படைகள் 1787 இல் வகுக்கப்பட்டன. இலத்திரன் பரிமாற்றம், பங்கீடு பற்றிய கொள்கைகளைக் கொசெலும் லூயிசும் 1916 இலேயே முன்வைத்தனர். பெயர்கள் பிணைப்பை அறியுமுன்னரே பிறந்தவை. இதனையும் மாணவருக்குக் கூறுவோமாயின், விஞ்ஞானம் வரலாறுடைய மனித உழைப்பு என்பதை அவர்கள் உணர்வர்.

இது வகுப்பறையோடு முடியும் விடயமன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் பாறையூடாக உரமும் கழிவும் கசிந்து கிணற்று நீரில் நைத்திரேற்று மிகுதல் பலகாலமாக அவதானிக்கப்பட்டுள்ளது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கும், நைத்திரைற்று 3 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். உடலினுள் முன்னது பின்னதாக மாறி, குருதி ஒட்சிசன் காவும் ஆற்றலைக் குறைக்கும். பச்சிளங் குழந்தைகளுக்கு இது பேராபத்து. நீர்ப்பரிசோதனை அறிக்கையொன்று தமிழில் ஒரு குடும்பத்தின் கைக்கு வரும்போது, ஏகாரத்துக்கும் ஐகாரத்துக்கும் இடையிலான வேறுபாடு அக்குழந்தையின் உயிரோடு தொடர்புறுகிறது.

பல்கலைக்கழகங்களில் விஞ்ஞானம் ஆங்கிலத்திற் போதிக்கப்படுகிறது. பாடசாலைகளிலும் ஆங்கில மொழிமூல வகுப்புகள் பெருகுகின்றன. இந்நிலையில் தமிழ்ப் பெயரீட்டை ஆராய்வது பழங்கதை பேசுதல் எனச் சிலர் எண்ணலாம். ஆயின் கிராமப்புறப் பாடசாலைகளின் பெருந்தொகையான மாணவர் இன்னும் தமிழிலேயே இரசாயனத்தைக் கற்கின்றனர். அந்த அறிக்கையை வாசிக்கப்போகிறவர்களும் அவர்களே. அவர்களுக்கு நாம் பெயர்களை மட்டும் கொடுத்து, பெயர்களை ஆக்கும் விதியைக் கொடாதுவிடின், தாய்மொழிக் கல்வி பாதியிலேயே நின்றுவிடும். எமது முன்னோர் சொற்களை ஆக்கித் தந்தனர். அச்சொற்களின் இலக்கணத்தை வெளிப்படையாகக் கற்பிப்பது எமது தலைமுறையின் பணியாகும்.